கும்பலில் கோவிந்தா போடாமல் இருக்க...

வாசகர் கேள்வி பதில்

கூட்டத்தோடு போவதா, சொந்தப் புத்தியில் நிற்பதா என்ற ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த கடிதங்களைத் தொகுத்து, குழு உளவியல் பயிற்சி தருபவர்களிடம் கொடுத்தோம். அவர்கள் எழுதி அனுப்பிய பதில்கள் இவை.

கேள்வி: அலுவலகக் கூட்டத்தில் ஒரு திட்டத்தைப் பற்றி ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டார்கள். அது சரிவராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு முன்னால் நான்கு பேர் "நல்ல யோசனை" என்றதும் என் வாயிலிருந்தும் அதே வார்த்தை வந்துவிட்டது. நான் கோழையா?

கோழை என்று சொல்ல மாட்டோம். ஐந்தாவதாகப் பேச உட்கார்ந்தீர்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான்.

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமான நீளம் எது? தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பாவதில்லை, அவ்வளவு எளிது. ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். 18 சுற்றுகளில் 12-ல் அவர்கள் ஒரே குரலில் தப்பான கோட்டைக் காட்டினார்கள். விஷயம் தெரியாத அந்த ஒருவரின் முறை கடைசியிலோ கடைசிக்கு முன்போ வரும். அந்த 12 சுற்றுகளில் கிடைத்த பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தின் பக்கம் சாய்ந்தது. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது வழுக்கினார்கள். (நான்கில் ஒருவர் கடைசிவரை வழுக்கவே இல்லை. இந்தச் சோதனையை எடுத்துக்காட்டுபவர்கள் அதை வசதியாக விட்டுவிடுவார்கள்.)

உங்களுக்கு உதவப்போவது, அவர் அடுத்தடுத்துச் செய்து பார்த்த மாற்றங்கள். எதிரில் ஒருவர் மட்டும் தப்பாகச் சொன்னால் அநேகமாக யாரும் அசைவதில்லை. இருவர் என்றால் கொஞ்சம் அசைகிறார்கள். மூவர் ஆனதும் அழுத்தம் ஏறக்குறைய முழுசாகிவிடுகிறது. அதற்கு மேல் ஆளைக் கூட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்கு முன்னால் பேசியவர்கள் நான்கு பேர் என்பதைக் கவனியுங்கள். இன்னொன்று: கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் உண்மையைச் சொன்னாலும் சாய்வு கால்வாசியாகச் சுருங்கியது. அந்த ஆள் பாதியில் கூட்டத்தின் பக்கம் மாறியதும் பழையபடி ஏறியது. பதிலை வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் வெகுவாகக் குறைந்தது.

இதை வைத்து அடுத்த கூட்டத்துக்குத் தயாராகலாம். கூட்டத்துக்கு முன்பே மூன்று வரி எழுதுங்கள்: என் முடிவு என்ன, முக்கியக் காரணம் என்ன, எது தெரியவந்தால் மாற்றிக்கொள்வேன். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். பிடிவாதக்காரர் என்ற பெயரிலிருந்து உங்களைக் காப்பாற்றுவது அதுதான். எழுதியதை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். தாளில் வைத்திருந்தால், மற்றவர்கள் பேசப் பேச உங்கள் கையே அதைத் திருத்த ஆரம்பிக்கும். "ஆனால்", "ஓரளவு" என்று ஒவ்வொன்றாகச் செருகி, கடைசியில் எழுதினதற்கு நேர்மாறாகப் பேசிவிட்டு வருபவர்கள் அதிகம்.

அடுத்து, முதல் ஆளாகவோ இரண்டாவது ஆளாகவோ பேசிவிடுங்கள். உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி கேட்பார்கள் என்றால் நாற்காலியைப் பார்த்து உட்காருங்கள். இல்லாவிட்டால், "என்னுடையது சின்னக் குறிப்புதான், முதலில் சொல்லிவிடட்டுமா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள், முதலில் பேச ஆசைப்படுபவர்கள் குறைவு. முந்தின நாளே ஒரே ஒருவரிடம் பேசி வைப்பதும் நல்லது. ஆள் சேர்ப்பதற்காக அல்ல. "என்னை ஆதரிக்க வேண்டாம், உனக்குத் தோன்றுவதை அப்படியே சொல், போதும்" என்று கேட்டால் எதிர்ப்பக்கம் ஒருமித்த குரலாவது உடையும்.

இப்போதைய திட்டத்துக்கு "நல்ல யோசனை" என்று சொல்லிவிட்டீர்களே, அதற்கும் வழி உண்டு. ஓரிரு நாளுக்குள் எழுதுங்கள்: "கூட்டத்தில் சரி என்றேன். கணக்கைத் திரும்பப் பார்த்ததில் இரண்டாம் கட்டத்தில் இந்த இடம் இடிக்கிறது." பயந்துபோய்த் தலையாட்டிய கதையை விளக்க வேண்டாம். விளக்கினால் பேச்சு திட்டத்தை விட்டு உங்கள்மேல் திரும்பிவிடும்.

கேள்வி: "ஊரோடு ஒத்து வாழ்" என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். அது தவறா?

பாதி சரி. சாலையில் எந்தப் பக்கம் போவது என்பதில் உண்மை, பொய் எதுவும் கிடையாது. எல்லாரும் ஒரே பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். வரிசையில் நிற்பது, சொன்ன நேரத்துக்கு வருவது எல்லாம் இந்த வகை. அங்கே தனித்துவம் காட்டுவது அடுத்தவருக்குத் தொல்லை. ஆனால் பாலம் பாரம் தாங்குமா என்பதும், நீங்கள் எந்தப் படிப்புப் படிப்பது என்பதும் வேறு வகை. பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: "எல்லாரும் நாளையிலிருந்து மாற்றிச் செய்தால் அதுவே சரியாகிவிடுமா?" ஆகிவிடும் என்றால் ஊரோடு போங்கள். ஆகாது என்றால் சொந்தமாக யோசிக்க வேண்டிய இடம் அது.

மார்ட்டன் டாய்ச், ஹெரால்ட் ஜெரார்ட் என்ற இருவர் 1955-ல் ஒரு பிரிவினை செய்தார்கள். கூட்டத்தைப் பின்பற்ற இரண்டு காரணங்கள்: "அவர்களுக்கு என்னைவிடத் தெரிந்திருக்கும்" என்பது ஒன்று; "மாறாகப் பேசினால் என்னைப் பிடிக்காமல் போகும்" என்பது இன்னொன்று. முதல் காரணத்தில் வெட்கப்பட ஏதுமில்லை. அங்கேயும் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் தாங்களே பார்த்துச் சொல்கிறார்கள்? ஒருவர் பார்த்து ஒன்பது பேர் திருப்பிச் சொன்னால், உங்கள் முன் இருப்பது ஒரு சாட்சிதான்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. தோழிகள் வைத்திருக்கும் அதே பை, அதே தலைவாரல், அதே பேச்சு. "உனக்கென்று ஒரு புத்தி வேண்டாமா?" என்று தினமும் சொல்கிறேன், ஏறவே இல்லை.

அந்த வாக்கியத்தை முதலில் நிறுத்துங்கள். தோழிகள் சொல்வதைக் கேட்காதே, நான் சொல்வதைக் கேள் என்றுதான் அது அவள் காதில் விழும்.

சக வயதினரின் இழுப்பை எதிர்த்து நிற்கும் திறன் 14 வயதிலிருந்து 18 வரை படிப்படியாக வளர்வதை லாரன்ஸ் ஸ்டைன்பெர்க், கேத்ரின் மோனஹன் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதாவது நீங்கள் அந்த ஏணியின் முதல் படியில் நிற்கும் பிள்ளையைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். பை, தலைவாரல், பேச்சு மூன்றையும் விட்டுவிடலாம். உடம்புக்கோ பாதுகாப்புக்கோ கேடு வரும் விஷயங்களுக்கு மட்டும் உங்கள் சக்தியைச் சேர்த்து வையுங்கள்.

அதற்குப் பயிற்சி உண்டு. மறுப்பு ஒரே மூச்சில் முடிய வேண்டும்: "வேண்டாம், எனக்குப் பிடிக்காது." காரணம் சேர்க்கக் கூடாது, காரணம் சொன்னால் அதை உடைக்க எதிராளிக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். வீட்டில் நீங்களே தோழியாக நடித்து மூன்று தடவை வற்புறுத்துங்கள், அவள் அதே வாக்கியத்தை மூன்று தடவையும் வாய்விட்டுச் சொல்லட்டும். ஒரு தடவை சொல்லிப் பழகினால் போதாது. வெளியே யாரும் ஒரே தடவையில் விடுவதில்லை, இரண்டாவது வற்புறுத்தலில்தான் பிள்ளைகள் சரிகிறார்கள்.

கூடவே ஓர் ஏற்பாடு: ஒரே ஓர் எழுத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் நீங்கள் உடனே அழைத்து, "கிளம்பி வா, வேலை இருக்கிறது" என்று அதட்ட வேண்டும். பழி உங்கள்மேல் விழும், அவள் முகம் தப்பும். ஒரு நிபந்தனையோடு: அன்று இரவு விசாரணை கூடாது. விசாரித்தீர்கள் என்றால் இரண்டாவது தடவை அந்தச் செய்தி வராது.

கடைசியாக, உங்களுக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி. வீட்டில் அம்மாவிடம் காரணத்தோடு வாதாடி, சட்டென்று விட்டுக்கொடுக்காமல் நின்ற பிள்ளைகள் பின்னாளில் நண்பர்களின் வற்புறுத்தலுக்கு எளிதில் மசியவில்லை என்று ஜோசப் ஆலன் குழுவின் ஆய்வு சொல்கிறது. வெளியே "மாட்டேன்" சொல்லத் தெரிந்த பிள்ளை வேண்டுமென்றால், அதை முதலில் உங்களிடம்தான் சொல்லிப் பழகும்.

கேள்வி: நான் ஒரு குழுவை நடத்துகிறேன். எதைச் சொன்னாலும் எல்லாரும் ஆமாம் சாமிதான். ஒருவரை "எதிர்த்துப் பேசுவது உன் வேலை" என்று நியமித்துப் பார்த்தேன். அதுவும் நாடகம்போல ஆகிவிட்டது. என்ன செய்வது?

நாடகம் என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். சார்லன் நெமெத் 2001-ல் வெளியிட்ட சோதனையில் இரண்டையும் ஒப்பிட்டார்: உண்மையிலேயே மாற்றுக் கருத்து உள்ளவர் பேசுவது, அதே வாதங்களை நியமிக்கப்பட்டவர் பேசுவது. வாதம் ஒன்றே என்றாலும், கேட்பவர்களைப் புதிதாக யோசிக்க வைத்தது முதல் வகைதான். நியமனம் என்று தெரிந்ததும் மற்றவர்கள் தங்கள் முடிவுக்கே இன்னும் முட்டுக்கொடுக்கிறார்கள். எதிர்ப்பையும் கேட்டாகிவிட்டது என்ற திருப்தி வேறு.

எனவே ஆளைத் தேடாதீர்கள், முறையை மாற்றுங்கள். இந்த முறையில் எல்லாம் வரிசையைப் பொறுத்தது.

கேள்வியை ஒரே வாக்கியமாகப் பலகையில் எழுதுங்கள். உங்கள் விருப்பம் அதில் தெரியக் கூடாது. "இந்த மாதமே ஏன் தொடங்க வேண்டும்?" என்று எழுதினால் பதிலை நீங்களே கொடுத்துவிட்டீர்கள், "எப்போது தொடங்கலாம்?" என்று எழுதுங்கள். பிறகு ஐந்து முதல் ஏழு நிமிடம் முழு அமைதி, ஆளுக்கொரு சீட்டு. பெயர் வேண்டாம். ஒரு முடிவு, ஒரு காரணம், நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு என்று மூன்று மட்டும். எல்லாரும் ஒரே மாதிரித் தாளும் ஒரே நிறப் பேனாவும் வைத்திருக்கட்டும். ஐந்தாறு பேர் உள்ள குழுவில் கையெழுத்தே காட்டிக்கொடுக்கும் என்றால் கைபேசிப் படிவத்தில் வாங்குங்கள். சீட்டுகளைச் சேகரித்துக் கலக்கி ஒருவர் எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும். அதுவரை விவாதம் கூடாது, "இது யார் எழுதியது?" என்று சிரிப்பதும் கூடாது. பேச்சு ஆரம்பித்ததும் அனுபவம் குறைந்தவரிலிருந்து மேலே போங்கள். நீங்கள் கடைசி. முடிவெடுக்கும் முன் இன்னொரு முறை சீட்டு வாங்கி முதல் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

இதன் ஆதாரம் பழையது. 1907-ல் பிரான்சிஸ் கால்டன், ஒரு கண்காட்சியில் மாட்டின் இறைச்சி எடையை மதிப்பிடும் போட்டியில் வந்த 787 சீட்டுகளை ஆராய்ந்தார். வரிசைப்படுத்தி நடுவில் வந்த மதிப்பு 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. ஒரு சதவீதத்துக்குள் பிழை. அவரவர் தனித்தனியாக எழுதிப் போட்டதால் ஒருவர் மிகையும் இன்னொருவர் குறையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. முதல் ஆள் உரக்கச் சொல்லி மற்றவர்கள் கேட்டிருந்தால், எல்லாருடைய பிழையும் ஒரே திசையில் போயிருக்கும். உங்கள் கூட்டத்தில் நடப்பதும் அதுவே.

பெரிய முடிவென்றால் கேரி கிளைன் 2007-ல் எழுதிய ப்ரீமார்ட்டம் முறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஓர் ஆண்டு கழிந்துவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது என்று எழுதுங்கள்." "ஏதாவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டால் வாயை மூடுபவர்கள் இதற்கு எழுதுவார்கள். தோல்வி நடந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வதால், குறை சொல்வது துரோகமாகத் தெரிவதில்லை.

சில சமயம் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். 1961-ல் அமெரிக்க அரசின் ஆதரவோடு கியூபாமீது நடந்த பன்றிகள் வளைகுடாத் தாக்குதல் முயற்சி தோற்றது. சந்தேகம் இருந்தும் கூட்டத்தில் அழுத்திச் சொல்லாமல் இருந்துவிட்டதற்காக அதிபர் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் பிறகு தம்மையே நொந்துகொண்டார். அடுத்த ஆண்டு கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து நெருக்கடி வந்தபோது, ஆலோசனைக் கூட்டங்கள் சிலவற்றில் கென்னடி வேண்டுமென்றே கலந்துகொள்ளவில்லை.

இவ்வளவும் செய்து, வந்த முதல் எதிர்ச் சீட்டை வாசித்ததும் உங்கள் முகம் சுருங்கினால் எல்லாம் வீண். அடுத்த வாரம் எல்லாச் சீட்டும் ஒன்றுபோல வரும். மாற்றுக் கருத்தால் ஒரு சின்னத் திருத்தமாவது நடந்தால், அதை அடுத்த கூட்டத்தில் சொல்லிக் காட்டுங்கள்.

கேள்வி: எல்லாரும் வலது என்றால் நான் இடது என்பேன். நண்பர்கள் விதண்டாவாதி என்கிறார்கள். நான் இதைத் தனித்துவம் என்று நினைக்கிறேன்.

நண்பர்கள் சொல்வது சரி. கூட்டம் வலது என்றால் நீங்கள் இடது என்பது உறுதி என்றால், உங்கள் பதிலையும் கூட்டம்தான் தீர்மானிக்கிறது, கண்ணாடியில் திருப்பிக் காட்டுகிறீர்கள், அவ்வளவே. சோதித்துப் பாருங்கள்: உங்களுக்குப் பிடித்த ஒரு கருத்தை நாளை எல்லாரும் ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு அது கசக்குமா? கசந்தால் அந்தக் கருத்து உங்களுடையது அல்ல.

கேள்வி: குழுவில் நான் ஒருவன்தான் மாறாக நினைக்கிறேன். ஒதுக்கிவிடாமல் எப்படிச் சொல்வது?

கொஞ்சமாவது ஒதுக்குவார்கள், அதைக் கணக்கில் வைத்தே இறங்குங்கள். ஸ்டான்லி ஷாக்டர் 1951-ல் செய்த சோதனையில், மாறாகப் பேசியவரை நோக்கியே குழுவின் பேச்சு திரும்பியது. அவர் கடைசிவரை மாறாதபோது, பொறுப்புகளைப் பிரிக்கையில் யாரும் விரும்பாத வேலை அவருக்குப் போயிற்று.

எவ்வளவு தாங்கலாம் என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. எட்வின் ஹாலண்டர் 1958-ல் இதை ஒரு கணக்காகவே வருணித்தார்: குழுவின் சின்னச் சின்ன வழக்கங்களை மதித்து, வேலையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவருக்கு வரவு சேர்கிறது, மாறாக நிற்கும்போது அதிலிருந்து செலவாகிறது. உடை, நேரம், கடித வடிவம் என்று எல்லாவற்றிலும் முரண்டு பிடித்துச் செலவழித்தவருக்கு, முக்கியமான நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

சொல்லும்போது குழையாதீர்கள். ஆறு பேர் குழுவில், ஏற்பாடு செய்யப்பட்ட இருவர் நீல நிறத்தைப் பச்சை என்று சாதித்த, உளவியலாளர் மாஸ்கோவிசியின் 1969 சோதனையில், அந்த இருவரும் கடைசிவரை ஒன்றையே சொன்னபோது மற்றவர்களின் பதில்களில் 8.42 சதவீதம் பச்சைக்கு மாறியது. அவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னபோது 1.25 சதவீதம்தான். தப்பான கருத்துக்கே இந்தக் கதி என்றால், சரியான கருத்தை "எனக்குத் தெரியவில்லை, ஒருவேளை..." என்று ஆரம்பிப்பது நஷ்டம். குரலில் சூடு வேண்டாம், வாக்கியம் மாற வேண்டாம்.

நிரூபிக்கும் சுமை யாருடையது என்பதையும் பேச்சின் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (சுமார் 12 செல்சியஸ்) கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். பேச்சுப் போகப் போக, பாதுகாப்பானது என்று காட்ட வேண்டியவர்கள் இருக்க, ஆபத்து என்று இவர்கள் நிரூபிக்க வேண்டும் என்பதுபோல நிலைமை தலைகீழானது. கடைசியில் அவர்களுடைய நிர்வாகமே ஏவுவதற்கு இசைந்தது. மறுநாள் காலை ஏவிய 73 விநாடியில் கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். "இது பத்திரமானது என்று காட்டுவது யார் பொறுப்பு?" என்று நீங்கள் கேட்க வேண்டியது விவாதம் சூடாவதற்கு முன்னால். முடிவு உங்களுக்கு எதிராகப் போனால், உங்கள் ஆட்சேபணையை இரண்டு வரியில் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பிறகு வேலையில் கைகொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அப்படி விட்டுவிடாமல் மேலிடம்வரை போங்கள்.

கேள்வி: இணையத்தில் நட்சத்திர மதிப்பீடு பார்க்காமல் எதையும் ரசிக்கவே முடியவில்லை!

ரசித்த பிறகு மதிப்பீட்டைப் பாருங்கள். 2006-ல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 14,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து, அதிகம் கேள்விப்படாத 48 பாடல்களைக் கேட்க விட்டார்கள். மற்றவர்கள் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கை தெரிந்த எட்டுத் தனித்தனிக் குழுக்களில் வெற்றி பெற்ற பாடல்கள் வேறு வேறாக இருந்தன. மிக நல்லவை அபூர்வமாகவே தோற்றன, மிக மோசமானவை அபூர்வமாகவே வென்றன. நடுவில் உள்ளவற்றுக்கு எதுவும் நடக்கலாம். ஆகவே கேட்டதும் பத்துக்கு உங்கள் மதிப்பெண்ணை எழுதிவிட்டு எண்ணிக்கையைத் திறங்கள். பொருள் வாங்குவதென்றால் மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள், விவரம் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: ஒரு கருத்தில் உறுதியாக இருந்தேன். பேசிய பிறகு மாற்றிக்கொண்டேன். வளைந்துவிட்டேனோ என்று உறுத்துகிறது.

எது மாற்றியது என்று பாருங்கள். ஒரு நோட்டில் பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்: முதலில் நினைத்தது, பிறகு நினைத்தது, ஏன் மாறியது, அறையில் யார் யார். "ஏன்" என்ற கட்டத்தில் உங்களுக்கு முன்பு தெரியாத ஒரு தகவலோ கணக்கோ இருந்தால் உறுத்தலுக்கு இடமில்லை. "எல்லாரும் சொன்னார்கள்", "அவரே சொல்லிவிட்டார்", "நேரமாகிவிட்டது" என்று மட்டும் இருந்தால், பழைய கருத்துக்குத் திரும்பி இன்னொரு முறை யோசியுங்கள். அன்றைக்கே எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதினால் மனம் அழகான காரணங்களை இட்டுக்கட்டிவிடும்.

ஒரு மாதம் கழித்து நான்காவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். காரணமில்லாமல் மாறிய பக்கங்களில் ஒன்றிரண்டு பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அவர்கள் இருக்கும் கூட்டத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மற்றவற்றுக்குச் சும்மாவே போகலாம்.